நாற்பது கிலோ உதை

இன்று பூநகரி பஸ்ஸில் பௌதிகவியல் விடைத்தாள் திருத்திக்கொண்டு வந்தேன்.

உதைபந்தாட்ட வீரர் பந்தை உதைக்கும் விசையைக் கேட்ட கேள்வி. விடை 400 நியூற்றன். பிள்ளை 40 கிலோ என்று எழுதியிருந்தாள். சிவப்பால் வெட்டினேன்.

பக்கத்தில் இருந்த கடற்றொழில் செய்யும் அண்ணை எட்டிப் பார்த்தார். "ஏன் ரீச்சர் வெட்டினீங்கள்?"

"விசையை நியூற்றனிலைதான் எழுத வேணும் அண்ணை. ஆனா பாரம் எண்டு பாத்தால் நாப்பது கிலோ தூக்கிற அளவுதான்."

அவர் அந்த வெட்டிய விடையில் விரலை வைத்தார்.

"என்ரை தம்பி மாலைதீவிலை சம்பளத்துக்குப் பந்தடிச்சவன். கிட்னி வருத்தத்தோடை திரும்பி வந்தான். கடைசி மாதம் நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் குளிக்க வாத்தனான். மீன்பெட்டி தூக்கிற கைக்குத் தராசு தேவையில்லை. நாப்பது கிலோதான் இருந்தவன்."

தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "அப்ப, அவன்ரை ஒரு உதையின்ரை பாரத்தைத்தானே ரீச்சர் நான் தூக்கினது?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அலகு பிழையென்றால் புள்ளி இல்லை என்று வருடம் முழுக்க வகுப்பில் கத்துகிறவள் நான். அவர் இறங்கிய பிறகு, வெட்டிய கோட்டுக்குப் பக்கத்தில் கையொப்பம் வைத்து முழுப் புள்ளி போட்டேன்.

பௌதிகவியல் படிப்பிக்கிறவர்கள் கீழே கொமென்ற்றில் வந்து ஏசலாம்.