வீரன் மறைத்த இழவுச் சேதி

கொல்லிமலையில் கெவி என்கிற இடுக்கமான பள்ளத்தாக்குக்குள் கடுக்காய் பொறுக்கப் போகிறவர்களுக்கு ஆறுதான் வழி. இரண்டு பக்கமும் பாறை சுவராக நிற்கும். நடுவே மூன்று மடுக்களை நீந்திக் கடக்கவேண்டும். கம்பளி, தீப்பெட்டி, அரிசியைப் பானைக்குள் வைத்து, வாயை இறுகக் கட்டி, மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டே நீந்துவார்கள். அந்தப் பானைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ராத்திரிக்குச் சாமிதான் துணை. மார்கழிக் குளிர் அங்கே ஆளையே விறைக்க வைத்துவிடும்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கெவிக்குள் அவசரச் சேதி என்றால் எங்கள் ஊரில் வீரனைத்தான் அனுப்புவார்கள். நன்றாக நீந்துவார், அதிகம் பேசமாட்டார். ஒரு மார்கழியில் சுப்பம்மாளின் அப்பன் மத்தியானம் செத்துப்போனார். மகளோ புருஷன் சரவணமுத்துவோடு கெவிக்குள் இருந்தாள். வீரன் உடனே கிளம்பினார்.

பொழுது சாயும்போது அவர்கள் தங்கியிருந்த பாறைப் பொடவுக்கு, அந்தச் சின்னக் குகைக்கு, போய்ச் சேர்ந்தார். சுப்பம்மாளுக்குக் குளிர்காய்ச்சல். ஈரச்சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, இருந்த ஒரே கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். சரவணமுத்து கல்லை நெருப்பில் சுட்டு, இலையில் பொதிந்து, அவள் காலடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

இழவு காதில் விழுந்தால் கட்டிய துணியோடு தலை முழுகவேண்டும். பெற்ற மகளுக்கு அதில் விலக்கே இல்லை. முழுகினால் கம்பளியும் நனையும், அவளும் பிழைக்கமாட்டாள். வீரனுக்குச் சேதியைச் சொல்ல வாய் வரவில்லை.

“ஏனுங்கண்ணா, இந்நேரத்துல இங்க?” என்றாள் சுப்பம்மாள்.

“சும்மாதானுங்க அம்மிணி. காய் எப்பிடி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எங்கப்பனுக்கு இருமல் தேவலைங்களா?”

“இப்ப இருமல் இல்லீங்க.”

கஞ்சி கொடுத்தார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டு, ஈரக் கோவணத்தோடு நெருப்பை விட்டுத் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை அவர்தான் கல்லை மாற்றி மாற்றிச் சுட்டு வைத்தார்.

வெயில் பாறையில் ஏறியது. காய்ச்சல் விட்டு சுப்பம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் சொன்னார். அவள் அலறிக்கொண்டு அவர் நெஞ்சிலேயே அடித்தாள்.

“எங்கப்பன் பொணமாக் கெடக்கறப்ப, நான் கஞ்சி குடிக்கறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களே!”

வீரன் அடியை வாங்கிக்கொண்டு நின்றார்.

இழவை மடியில் கட்டிக்கொண்டு குளிர்காய்ந்தவன் என்று ஊர் பேசியது. நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். இருட்டில் அந்த மடுக்களை யாரும் நீந்தித் திரும்ப முடியாது, ராத்திரி சொல்லியிருந்தால் இன்னொரு பிணம்தான் விழுந்திருக்கும் என்று ஒருத்தனாவது யோசித்தானா? எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. அதற்குப்பிறகு அவரை யாரும் சேதிக்கு அனுப்பவில்லை. சுப்பம்மாளும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பல வருஷம் கழித்து, ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம், வீரன் செத்துப்போன சேதி வந்தது. சுப்பம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். கட்டிய சேலையோடு குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

சரவணமுத்து பின்னாலேயே ஓடினான். “அவரு நமக்குப் பங்காளியா, மாமன் மச்சானா? உனக்கு எதுக்குத் தலைமுழுக்கு?”

“எனக்கு உண்டுங்க,” என்றாள்.

உடம்பெல்லாம் நடுங்க வீட்டுக்குள் வந்தாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அவள் அதன் பக்கத்தில் போய் உட்காரவில்லை.