கொதித்த பாட்டிலும் குஞ்சம்மாள் வாயும்

உடையார்பாளையம் கடைவீதிக்குப் பின்தெருவில் காலை ஏழு மணிக்கு யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். பேசினால் குஞ்சம்மாள் வாசலுக்கு வந்து, "பாட்டிலு கொதிக்குதுடீ, சித்த சும்மா இருங்களேன்" என்பாள். பாட்டில் கொதிப்பதற்கும் தெருவார் பேசுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே எவளுக்கும் துணிச்சல் கிடையாது. கேட்டால் அரியலூர் ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து கேட்க வேண்டிவரும்.

அந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். புருஷன் செத்த பிறகு குஞ்சம்மாள் அரியலூரில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். மொத்தம் அரை வருஷம். வெந்நீர் தூக்கினாள், தரை துடைத்தாள், பிள்ளை பெற்றவர்களின் துணியை அலசினாள். ஆனால் அவள் வாயால் கேட்டால் நிலைமை வேறு. டாக்டரம்மாவுக்கு இவளில்லாமல் கையே ஓடாதாம். நர்சுகளெல்லாம் இவளிடம்தான் வந்து சந்தேகம் கேட்பார்களாம். அப்படிப்பட்டவளை ஏன் வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று மட்டும் தெருவில் யாரும் கேட்டதில்லை. பிறகு தம்பி வேணுகோபால் வீட்டோடு வந்துவிட்டாள். முந்திரிக்கொட்டை மண்டியில் கணக்குப் பார்க்கும் அந்தத் தம்பிக்கு அக்காவை எதிர்த்துப் பேசும் பழக்கம் சிறு வயதிலிருந்தே கிடையாது.

எண்பத்து மூன்றில் அந்த வீட்டில் அம்சவள்ளி பிறந்தாள். அவளைப் பெற்ற செங்கமலம், வேணுகோபாலின் பெண்டாட்டி, விக்கிரமங்கலத்தில் டீச்சர். பிரசவ லீவு முடிந்ததும் காலை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பிள்ளைக்குப் பகல் முழுக்கப் பாட்டில் பால்தான். கேட்கணுமா, குஞ்சம்மாளுக்கு ராஜயோகம் அடித்துவிட்டது. இத்தனை நாள் தம்பி வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவள் ஒரே நாளில் வீட்டுக்கு டாக்டர் ஆகிவிட்டாள்.

குறை சொல்லக் கூடாது, வேலையைச் சுத்தமாகத்தான் செய்தாள். பிள்ளை குடித்து முடித்ததும் பால் காய்வதற்குள் பாட்டிலைக் கழுவுவாள். சோப்புத் தண்ணீர் விட்டு, அதற்கென்றே வாங்கிய பிரஷ்ஷால் அடி வரைக்கும் தேய்ப்பாள். பிள்ளை சப்புகிற ரப்பரை உள்பக்கம் வெளியே திருப்பி உப்புப் போட்டுக் கசக்கி, அதன் ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்ப்பாள். அலுமினியக் குண்டானில் பாட்டில் முழுக்க முங்கும்படி தண்ணீர் ஊற்றி ஸ்டவ்வில் ஏற்றினால், தளதளவென்று கொதித்து வெகுநேரம் ஆன பிறகுதான் இறக்குவாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இடுக்கியால் எடுப்பாள். துணியால் துடைக்க மாட்டாள். அந்த நேரத்தில் யாரும் அடுப்படிக்குள் போகக் கூடாது. பெற்றவளும் கூடாது.

எல்லாம் முடிந்து, கொதித்து ஆறிய தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்து, ரப்பரை மாட்டுவாள். அப்புறம் அந்த ரப்பரைத் தன் வாயில் வைத்து இரண்டு உறிஞ்சு உறிஞ்சுவாள்.

சூடு பார்க்கத்தான். பாலின் சூடு பிள்ளைக்குத் தாங்குமா என்று வேறெப்படித் தெரியும்? அது என்ன சாதாரண வாயா! விடிந்ததும் வெற்றிலையும் புகையிலையும் உள்ளே போனால் படுக்கும்போதுதான் துப்புகிற வாய். கடைவாயில் இரண்டு பல் சொத்தை. தெருவில் பிள்ளை பெற்றவளெல்லாம் பாட்டில் பாடம் கேட்க இவளிடம்தான் வருவார்கள். அத்தனை பேருக்கும் இந்தக் கடைசி உறிஞ்சையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தாள். எதிர்வீட்டு வீராயி அதைத் தன் வீட்டில் செய்துகாட்டிப் பாராட்டும் வாங்கினாள்.

அம்சவள்ளிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நிற்கும், இரண்டு நாள் கழித்து மறுபடியும் போகும். குஞ்சம்மாள் விசாரணையைத் தொடங்கினாள். முதலில் பால் டப்பாவின் மேல் சந்தேகம். அடுத்தது பக்கத்து வீட்டுக்காரி கண். அப்புறம் கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் செய்தாள், கூடவே பாட்டிலை இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கொதிக்க வைத்தாள். ரப்பர் வெந்து பிசுபிசுத்துப் போனதுதான் மிச்சம். கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீதாண்டி. பஸ்ஸுல எவன் எவன் மூச்சோ ஒஞ்சீலையில ஒட்டிக்கிட்டு வருது. அப்படியே வந்து புள்ளயத் தூக்குற."

அன்று முதல் செங்கமலம் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொட வேண்டும் என்று உத்தரவு. மழையில் நனைந்து வந்த அன்றைக்கும் அதே உத்தரவுதான். ஈரத் தலையோடு அவள் மகளை வாங்கிக்கொள்ள வரும்போது பெரும்பாலும் பிள்ளை தூங்கியிருக்கும். தன் சேலைதான் பிள்ளையைக் கொல்கிறதோ என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதுகூட அவளுக்கு அழுகை வந்தது. வேணுகோபாலிடம் சொன்னாள். "அக்காவுக்குத் தெரியாததா?" என்றான் அந்தப் புண்ணியவான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் செங்கமலம் வந்து பார்த்தபோது பிள்ளைக்குக் கண் உள்ளே போயிருந்தது. அழுதால் சத்தம் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. அவள் குளிக்கவில்லை. உத்தரவு போட்டவளின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பின்னாலேயே பிளாஸ்க், பால் டப்பா, கொதித்த பாட்டில் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு குஞ்சம்மாள் ஓடிவந்தாள்.

அரியலூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பிள்ளையைப் பார்த்து ஒருவர் எழுந்து செங்கமலத்துக்கு இடம் கொடுத்தார். குஞ்சம்மாளின் பைக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. "பாட்டிலு இருக்கு, மேல படாதீங்க" என்று அதட்டி அதையும் வாங்கிவிட்டாள். ஊர் தாண்டியதும் பிளாஸ்க்கைத் திறந்து பாலைக் கரைத்தாள், ரப்பரை மாட்டினாள், வாயில் வைத்தாள்.

செங்கமலம் அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். வெளியே எடுத்த ரப்பரின் நுனியில் சிவப்பாக ஒரு கோடு.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"சூடு பாக்குறேன்."

"வாயாலயா?"

"பின்ன, காதாலயா?"

பஸ்ஸே சிரித்தது.

"தெனமும் இப்படித்தான் பாப்பீங்களா?"

"ஒரு தடவ வுட்டதில்லடி" என்றாள் குஞ்சம்மாள், பெருமையாக.

செங்கமலம் பாட்டிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாகப் பாலைக் கவிழ்த்தாள். பின்சீட்டில் ஜன்னலோரம் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் மூஞ்சியில் பாதி தெறித்தது. அவ்வளவுதான், பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் நியாயம் பிறந்துவிட்டது. "பெரியவங்க கையிலேருந்து இப்படியா புடுங்குறது?" என்றாள் ஒருத்தி. "எங்க வூட்டுல ஒம்பது புள்ளைக்கும் இப்படித்தாம்மா பாத்தோம்" என்றார் ஒரு பெரியவர். அதில் எத்தனை பிழைத்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை. "டீச்சரு வேலைக்குப் போனா இப்படித்தான்" என்று கண்டக்டரும் தன் பங்குக்குச் சொன்னார்.  செங்கமலம் பிள்ளையின் மூச்சைப் பார்த்தபடியே அரியலூர் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா, குஞ்சம்மாள் கதையில் வருகிற டாக்டரம்மா அல்ல. பிள்ளைக்கு ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றச் சொல்லிவிட்டு, "பாட்டில யார் கழுவுறது? எப்படிக் கழுவுறீங்க?" என்று கேட்டார்.

குஞ்சம்மாள் முன்னால் வந்தாள். பிரஷ், உப்பு, ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சுவது, முங்கத் தண்ணீர், இடுக்கி, ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"இவ்வளவு சரியா யாரும் எங்கிட்ட சொன்னதில்ல" என்றார் டாக்டரம்மா.

குஞ்சம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"மிச்சத்தையும் சொல்லுங்க அண்ணி" என்றாள் செங்கமலம்.

சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு பஞ்சை எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல்லோரம் ஒரு துடைப்புத் துடைத்தார். வெள்ளைப் பஞ்சு கருஞ்சிவப்பாக வந்தது, நாற்றமும் வந்தது. அதை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நீங்க கொதிக்க வெச்சதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. அப்புறம் இதத்தான் ரப்பர்ல தடவிக் குடுத்திருக்கீங்க. சூடு பாக்கணும்னா ரெண்டு சொட்டு மணிக்கட்டு உள்பக்கம் வுட்டுப் பாருங்க. அது போதும்."

குஞ்சம்மாள் வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். வெட்கமெல்லாம் அப்புறம்தான். முதலில் வந்தது பயம். உள்ளே கிடக்கிற பிள்ளை செத்துப்போனால் கொன்றவள் தான்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. விடிய விடிய அந்த வாய் ஒரு வார்த்தை பேசவில்லை, வெற்றிலையும் போடவில்லை. வேணுகோபால் வந்து பார்த்துவிட்டு, அக்காவுக்கு என்னவோ ஏதோ என்று அவளையும் டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீடு திரும்பிய பின் செங்கமலம் லீவு போட்டுத் தானே பாட்டிலைக் கொதிக்க வைத்தாள். குஞ்சம்மாளை யாரும் போகச் சொல்லவில்லை, அடுப்படியில் அவளுக்கு வேலைதான் இல்லை. லீவு முடிந்ததும் பிள்ளையை விக்கிரமங்கலத்தில் தெரிந்த ஒரு வீட்டில் விட்டுக்கொள்வதாகச் செங்கமலம் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு குஞ்சம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் மட்டும் அவள் பெயர் கெடவில்லை. அக்கா மானம் போய்விடும் என்று நடந்ததை வேணுகோபால் வெளியே விடவில்லை. குஞ்சம்மாள் கொதிக்க வைத்த சுத்தத்தால்தான் பிள்ளை பிழைத்தது என்று தெரு பேசிக்கொண்டது.

லீவு முடிந்த அன்று காலையில் வீராயி தன் மகளையும் பேரனையும் புதுப் பாட்டிலையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். கூடவே தெருப் பெண்கள் நாலைந்து பேர். செங்கமலம் பிள்ளையைத் தோளில் போட்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள்.

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தபடியேதாங்க்கா கொதிக்க வெச்சோம். சரியான்னு பாருங்க" என்று சொல்லி வீராயி மகளைப் பார்த்தாள். அந்தப் பெண் பாலைக் கரைத்து, ரப்பரை மாட்டி, வாய்க்குக் கொண்டுபோனாள்.

குஞ்சம்மாள் பாட்டிலைத் தட்டிவிட்டாள். புதுப் பாட்டில் தூள் தூளாகப் போனது.

"ஐயையோ, என்னக்கா இது! நீங்கதான வாயில வெச்சு சூடு பாக்கச் சொன்னீங்க!"

பதில் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. கை தவறிவிட்டது என்று சொல்லலாம். டாக்டரம்மா இப்போது முறையை மாற்றிவிட்டார் என்று சொல்லலாம், இந்தத் தெரு அதையும் நம்பும். குஞ்சம்மாள் ஒரு தடவை செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாடி, நாந்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லியே எங்க வூட்டுப் புள்ளயச் சாவக் கெடத்தினேன். வயித்தால போனது கண்ணாலயும் இல்ல, பஸ்ஸாலயும் இல்ல. என் வாயால. போயி எல்லாருகிட்டயும் சொல்லு."

வீராயிக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. கண்ணாடித் துண்டைக்கூடப் பொறுக்காமல் மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். பஸ் வருவதற்குள் கடைவீதி வரைக்கும் சேதி போய்விடும் என்று குஞ்சம்மாளுக்குத் தெரியும். ஆயிசுக்கும் இனி இந்தத் தெருவில் அவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குனிந்து கண்ணாடியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அத நான் சாயங்காலம் வந்து கூட்டுறேன். கையக் கழுவிட்டு வாங்க அண்ணி" என்றாள் செங்கமலம்.

கழுவிவிட்டு வந்தவளின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.