சாமியறையில் ஒரு துவக்கு

எங்கள் வீட்டுக்குள் துவக்கு வந்ததற்கு நானும் உடந்தை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் கணவரைத் திட்டும்போது எனக்கு வசதியாக இருக்கும்.

நாங்கள் கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் சிறுநகரத்தில் இருக்கிறோம். அவருக்குத் தொழிற்சாலையில் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில். ஒரு சனிக்கிழமை புரொண்பியில் வயசுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் போய், அங்கேயே தங்கி, ஞாயிறு மத்தியானம் திரும்பிவந்தால் பின்கதவின் பூட்டடி பிளந்து கிடந்தது. குசினி முழுக்க அரிசி. அரிசி வாளிக்குள் துணியில் சுற்றி நான் ஒளித்துவைத்திருந்த கலியாணக் காப்புகளைக் காணவில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ச் சனம் குடும்பத்தோடு கொண்டாட்டத்துக்குப் போகும், போட்டதுபோக மிச்ச நகை வீட்டில் கிடக்கும் என்பது இந்த நாட்டுக் கள்ளருக்கு மனப்பாடம். நாங்களும் திருந்த மாட்டோம். வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் அடுத்த கொண்டாட்டத்துக்கு யார் போய் வரிசையில் நின்று எடுப்பது என்று கேட்போம். அரிசி வாளியைத் தேடலாம் என்று அந்தக் கள்ளனுக்குத் தெரிந்திருந்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பொலிஸ் வந்து படமெடுத்துவிட்டுப் போனது. காப்புகள் வரவில்லை.

"இனி ஒருத்தனும் இந்த வீட்டுக்கை கால் வைக்கக்குடாது. துவக்கு ஒண்டு வாங்கப்போறன்" என்றார் அவர்.

வீட்டுக் காவலுக்கு என்று சொன்னால் இந்த நாட்டில் துவக்கு கிடையாது. அது அவருக்கும் தெரியும். வேட்டைக்காரன் என்றால் கிடைக்கும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடாத மனிதன், ஐம்பத்து நான்கு வயதில், வேட்டைக்காரன் ஆவதற்கு வகுப்பில் போய்ச் சேர்ந்தார்.

அங்கே எழுத்துப் பரீட்சை உண்டு. அவருடைய டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ். புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வரும். நான்தான் வாசித்துச் சொல்லிக்கொடுத்தேன். எந்தக் காட்டுத்தாராவை எந்த மாதத்தில் சுடலாம், எந்த வாத்தை ஒருபோதும் சுடக்கூடாது, ஆண் மானுக்குக் கொம்பு எப்போது விழும். பறவைப் படங்களை வெட்டி மட்டையில் ஒட்டி, கறி கொதிக்கும்போது ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெயர் கேட்பேன். காப்பு போன ஆத்திரம் எனக்கும் இருந்தது. அவர் பரீட்சையில் தேறிய அன்று கேசரி கிண்டினேன். அதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

துவக்கு வாங்கவும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் நல்ல மனிதர். இரட்டைக் குழல் துவக்கு ஒன்றை எடுத்து, அதன் கட்டையை என் கணவரின் தோளில் பொருத்தி, கன்னம் எங்கே படவேண்டும் என்று தொட்டுக் காட்டினார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல அவ்வளவு பொறுமை. எதை அதிகம் சுடப்போகிறீர்கள் என்று கேட்டார்.

"தாரா" என்று இவர் டெனிஷில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "உது நீளம் கூட. எங்கடை வீட்டு நடையிலை திருப்பேலாது. கட்டையா ஒண்டு இருக்கோ எண்டு கேளும்" என்றார்.

நான் கேட்டேன். தாராவுக்கு நீளக் குழல்தான் நல்லது, குறிவைத்து வீசிச் சுட அதுதான் வசதி என்று அந்த மனிதர் விளக்கினார். இவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் இருந்ததிலேயே கட்டையானதை வாங்கினார். ஒரு மனிதனை நடையின் எந்த வளைவில் வைத்துச் சுடுவது என்று என் கணவர் என்னிடம் கணக்குப் பார்க்க, நான் அதைத் தாராவாக மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். கடையைவிட்டு வெளியே வந்ததும் கை கழுவவேண்டும்போல இருந்தது.

பயிற்சிக்கு ஞாயிறுதோறும் போனார். இயந்திரம் எறியும் களிமண் தட்டுகளைச் சுட்டு விழுத்த வேண்டும். முதல் மாதம் தட்டுகளுக்கு ஒரு சேதமும் இல்லை, இவருடைய தோள்தான் கன்றிப்போனது. சட்டையைக் கழற்றி அந்தக் கன்றலைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். சுடக் கற்றதும் கழகத்து ஆட்களோடு வேட்டைக்குப் போய் இரண்டு தாரா கொண்டுவந்தார். சில நாள் தூக்கில் கிடந்தால்தான் இறைச்சி பதப்படும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கராஜில், என் குளிர்காலச் சப்பாத்துகளுக்கு மேலே, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். அலகிலிருந்து சொட்டிய இரத்தம் சப்பாத்துக்குள் விழுந்து காய்ந்திருந்தது. நான்தான் பிடுங்கினேன். ஒவ்வொரு பிடி இறகுக்கும் கீழே துவக்குச் சன்னம் போன நீலப் புள்ளிகள். கறி வைத்தேன், அவர் சாப்பிட்டார். நடுவில் பல்லில் ஏதோ கடிபட, ஒரு சன்னத்தை விரலால் எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்துவிட்டு மிச்சத்தைத் தொடர்ந்தார். நான் எழும்பிப்போய் வாந்தி எடுத்தேன்.

துவக்கை இரும்புப் பெட்டகத்தில் பூட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். பெட்டகத்தை இறுக்குவதற்கு நல்ல சுவர் சாமியறைச் சுவர்தான் என்று கண்டுபிடித்தார். முருகன் படத்துக்கு வலப்பக்கத்தில் கழிவறைக் கதவு உயரத்தில் சாம்பல் நிற இரும்பு. விளக்கேற்றினால் அதில்தான் வெளிச்சம் தெறிக்கும். கற்பூரத்துக்கு மேலாகத் துவக்கெண்ணெய் மணந்தது. இவ்வளவு பலமான பெட்டகம் சும்மா கிடப்பானேன் என்று, தப்பிய நகைகளையும் அதற்குள்ளேயே வைத்தார். துவக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் திறக்கும் எண் தெரியக்கூடாது. அதுவும் சட்டம். எனவே ஒவ்வொரு கலியாண வீட்டுக்கும் என் தாலிக்கொடியை நான் அவரிடம் கேட்டு வாங்கவேண்டி வந்தது. அவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு எண்ணை அழுத்துவார். கொடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் கழுத்தில் போடுவேன். அப்போதும் அந்த எண்ணெய் போகாது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒரு ஞாயிறு மத்தியானம் நடந்தது.

"நீர் கள்ளன் மாதிரிப் பின்பக்கத்தாலை வாரும் பாப்பம்" என்றார். துவக்கை நடுவில் முறித்துத் திறந்து காட்டினார். "பயப்பிடாதையும், உள்ளுக்கை ஒண்டுமில்லை."

விசர்க்கதை கதைக்காதையுங்கோ என்று சொல்லிவிட்டு உடுப்புக் கூடையோடு முற்றத்துக்குப் போனேன். காய்ந்ததை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்தால், நடையின் மறு முனையில் அவர் நிற்கிறார். கட்டை தோளில், கன்னம் கட்டையில், இரண்டு குழல்களும் என் நெஞ்சுக்கு நேரே. கூடை விழுந்துவிட்டது. என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே மேலே போயின. பதினைந்து வயதில், ஊரில் சண்டைக் காலத்தில், கொக்குவிலில் எங்கள் குசினி வாசலில் ஆமிக்காரன் நின்றபோது தூக்கிய அதே உயரத்துக்கு.

அவர் துவக்கைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார். "நல்லா நடிக்கிறீர்" என்றார்.

இருபத்தெட்டு வருடம் அந்த மனிதனோடு வாழ்ந்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வந்தது கோபமில்லை, அருவருப்பு. குளியலறை வடிகாலில் கையைவிட்டு முடியை இழுக்கும்போது வருமே, அது.

"இதை வீட்டாலை எடுங்கோ. இல்லாட்டி நான் போறன்."

"எங்கை போவீர்?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அறியத்தான் கேட்டார். நான் குனிந்து, விழுந்த உடுப்பைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் என் வீட்டு மணியை நானே அடித்து, "நான்தான், நான்தான்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு உள்ளே போகத் தொடங்கினேன். ஓகூஸ் நகரத்தில் படிக்கும் எங்கள் மகள் ஒரு முறை என்னோடு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உங்களுடைய வீடு" என்று டெனிஷில் சொன்னாள். எனக்கு அது என் வீடா என்பதுதான் அப்போதைய பிரச்சினை.

பெட்டகத்தைப் பார்வையிட வருவதாகப் பொலிஸிலிருந்து கடிதம் வந்தது. வழக்கமான சோதனைதான். வந்தவள் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண். சாமியறை வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். இவர் பெட்டகத்தைத் திறந்து காட்டினார். துவக்குக்குப் பக்கத்தில் சிவப்பு வெல்வெட் பெட்டிகளைக் கண்டதும் சிரித்தாள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் பொலிஸ் என்றால் கள்ளருக்கு எதிரி, கள்ளருக்கு எதிரி என்றால் நமக்குக் கூட்டாளி என்று இவருக்கு ஓர் எண்ணம். காவலுக்கு ஆள் நிற்கிறது என்று கேட்டால் பொலிஸ் மெச்சும் என்று நினைத்திருக்கிறார். "இனிக் கள்ளன் வரட்டும் பார்ப்போம், தயாராக இருக்கிறேன்" என்று தன் தொழிற்சாலை டெனிஷில் பெருமையாகச் சொன்னார்.

அவளுடைய பேனை நின்றது. அவள் அவரைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "அதற்காகத்தான் இது வீட்டில் இருக்கிறதா?"

"இல்லையெண்டு சொல்லும்" என்றார் இவர் தமிழில். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே சொன்னார்.

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

துவக்கை ஒரு நீளப் பையில் போட்டு அவள் எடுத்துக்கொண்டு போனாள். அனுமதியும் போனது. அவர் வாசலில் நின்று வண்டி திரும்பும்வரை பார்த்தார். பிறகு குசினிக்குள் வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

"தலையாட்டி."

எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் ஆமிக்காரர் ஆம்பிளைகளை எல்லாம் பள்ளிக்கூட வளவில் வரிசையாக விடுவார்கள். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்து எங்கள் ஆக்களிலேயே ஒருத்தனை நிறுத்தியிருப்பார்கள். அவனுக்குத்தான் தலையாட்டி என்று பெயர். அவன் பேசமாட்டான். யாருக்குத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். என் அண்ணை அப்படித்தான் போனார், திரும்பவில்லை. கலியாணம் கட்டிய முதல் வருடத்தில் இதை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அழுது சொல்லியிருக்கிறேன். அந்த ஆள்தான் இப்போது குசினியில் நின்றார்.

அந்தச் சாக்குக்காரனை முப்பது வருடத்துக்கு மேலாக அருவருத்து வந்தவள் நான். அதில் ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அன்றைக்குக் குசினியில் நிற்கும்போது முதல்தடவையாக ஒன்று தோன்றியது: அவனும் வீட்டில் எதற்கோ பயந்துதான் ஆட்டியிருப்பானோ? அண்ணைக்குச் செய்த துரோகமாக அந்த நினைப்பு என் உடம்பெல்லாம் ஊர்ந்தது. அதை எனக்குள் போட்ட மனிதனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.