ஆவியோடு வந்த தண்ணீர்

எங்கள் லாண்டரியில் என்னைவிட ஒரு சாண் உயரமான பாய்லர் ஒன்று இருக்கிறது. விறகில் எரிவது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், வயலை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. குற்றாலத்து லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். துவைக்க மெஷின் உண்டு. பாய்லர் தேய்ப்பதற்கு. அதிலிருந்து ஓர் இரும்புக் குழாய் தேய்ப்பு மேசை வரை வந்து, பிறகு ரப்பர் டியூப் வழியாக இஸ்திரிப் பெட்டிக்குள் போகும். பொத்தானை அழுத்தினால் பெட்டியின் அடியிலுள்ள துளைகளிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பித் துணிக்குள் இறங்கும். சுருக்கம் போன இடம் தெரியாது.

சாரல் தொடங்கிவிட்டால் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அருவிக்குப் போகுமுன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே கட்டிலில் சாய்கிற புண்ணியவான்கள் நிறையப் பேர். மூட்டையைப் பிரிக்கும்போதே எண்ணெய் மணக்கும். வெந்நீரில்தான் துவைக்க வேண்டும், வெந்நீரில்தான் அலசவும் வேண்டும்.

அந்த சீசனில் தேய்ப்பு மேசையில் நின்றவள் செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மா புனலூர்க்காரி என்பதால் பேச்சில் நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். அவள் தேய்த்து மடித்த விரிப்பைப் பார்த்தால் பிரிக்க மனசு வராது. அவள் உழைப்பில்தான் வீடு ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் வெள்ளை விரிப்புகளில் பழுப்புப் புள்ளிகள். காபித் தண்ணீரை விரலால் தெளித்த மாதிரி. மறுநாள் இன்னொரு மூட்டை வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் வந்துவிடும், புத்தி அடுத்த பஸ்ஸைப் பிடித்துத்தான் வரும்.

"என்னட்டி இது?" என்று விரிப்பை அவள் முன்னால் போட்டேன்.

"ஆவியில தண்ணி வருதுக்கா. மூணு நாளா பெட்டி துப்புது. தேய்க்கையிலயே விழுது."

"ஆவி எப்படி அழுக்காவும்? தண்ணியில உள்ள அழுக்கெல்லாம் கீழ நின்னுரும். ஆவி மட்டும்தான் மேல வரும். பி.எஸ்ஸி. படிச்சவளுக்கே பாடம் எடுக்கியோ? கையக் காட்டு."

மடிக்கிற பெண்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய்லர் பார்க்கிற அண்ணாச்சி விறகோடு வாசலில் நின்றுவிட்டார். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். சுத்தமாகத்தான் இருந்தன. அதைப் பார்த்த பிறகாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "இப்பக் கழுவியிருப்ப," என்றேன்.

"வெறுதே சொல்லாதீயக்கா. நான் வச்ச கறை இல்ல. எனக்கு இந்தக் கைதான் சோறு," என்றாள். கண் கலங்கியிருந்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவள் மறுநாள் வரவில்லை.

லாட்ஜ் மேனேஜரிடம் போனில், கறை பண்ணின ஆளை நிறுத்தியாச்சு என்று பெருமையாக வேறு சொன்னேன். அந்தச் சொல் அவளுக்கு முன்னால் குற்றாலத்துக்குப் போய்விட்டது. அங்கே எங்கள் தொழில் பார்க்கிற இன்னொரு லாண்டரி உண்டு. அவள் அங்கே வேலை கேட்டுப் போயிருக்கிறாள். "கறை பண்ணிட்டு வந்தவதான நீ?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மடிக்கிற பெண்களில் ஒருத்தி இதை என் காதில் விழும்படி யாரிடமோ சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் செய்தது சரிதான் என்று சொல்லிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகித் தேய்ப்பு மேசைக்கு நானே போய் நின்றேன்.

மூன்றாவது விரிப்பில் பொத்தானை அழுத்தினேன். ஆவிக்கு முன்னால் பெட்டி இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. பெட்டியை எடுத்தேன். அடியில் மூன்று பழுப்புப் புள்ளிகள், இன்னும் ஈரமாக.

வெட்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆச்சரியம் வந்துவிட்டது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆவியோடு தண்ணீர் எப்படி ஏறி வருகிறது, அதுவும் இவ்வளவு தூரம்? எதையும் திறந்து பார்க்காமல் விடாத பிறவி நான். மத்தியானம் வீட்டுக்காரர் அருவி போலீஸ் டியூட்டியிலிருந்து நனைந்த காக்கியோடு சாப்பிட வந்தபோது இதைத்தான் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சாட்சி இல்லாம தண்டனை குடுத்திருக்க. நாங்க செஞ்சா கோர்ட்ல கிழிச்சிருவாவ," என்றார்.  மோரை எடுத்து வைத்துவிட்டுப் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டேன்.

பாய்லர் அண்ணாச்சி முன்பு வாசுதேவநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற பாய்லர் பார்த்தவர். என் மேல் வருத்தம் என்றால் மேடம் என்பார், இல்லாவிட்டால் தங்கச்சி. அன்று மேடம்தான். பாய்லரின் பக்கவாட்டில் நிற்கிற கண்ணாடிக் குழாயைக் காட்டினார். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அதில்தான் பார்ப்பார்கள்.

"ஒரு வாரமா மட்டம் நிக்க மாட்டேங்குது மேடம். ஆடுது. அந்தப் பிள்ள போற அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க கேக்குத நெலமையில இல்ல."

குனிந்து பார்த்தேன். கோடு போட்டாற்போல் நிற்க வேண்டிய தண்ணீர் மேலும் கீழும் குதித்தது. அதன் தலையில் கலங்கலாக ஏதோ புகைந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். மேசையில் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இங்கே மட்டம் துள்ளி ஏறியது. ஆவியை இழுக்கிற வேகத்தில் தண்ணீரும் கூடவே கிளம்பிப் போகிறது என்பது வரை புரிந்தது. ஏன் முன்பு கிளம்பவில்லை என்பது மட்டும் புரியவில்லை.

பாய்லர் விற்றவருக்குப் போன் போட்டேன். ஆவியிலிருந்து தண்ணீரைப் பிரிக்கக் குழாயில் ஒரு செப்பரேட்டர் போடுங்கள் என்றார். இரண்டு நாளில் ஆள் வந்து மாட்டிக் கொடுத்தார். பார்க்கக் குழாயின் நடுவில் ஒரு பெரிய தவலை தொங்குகிற மாதிரி இருக்கும். மாட்டுவதற்கு முன் அதைத் தரையில் உருட்டி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வடிகட்டியோ வலையோ எதுவும் இல்லை. ஒரு வளைவு மட்டும்தான். வேகமாக வருகிற ஆவியைச் சட்டென்று திருப்பி விடுகிறது. ஆவிக்குக் கனமில்லை, திரும்பிவிடுகிறது. தண்ணீர்த் துளிக்குக் கனம் உண்டு, திரும்ப முடியாமல் நேரே போய்ச் சுவரில் மோதி வழிந்து அடியில் சேர்கிறது. ஆரியங்காவு மலைரோட்டு வளைவில் பஸ் திரும்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவர் ஓரத்து சீட்டில் போய் விழுவாரே, அந்தக் கதைதான். வேறு வித்தை எதுவும் இல்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அண்ணாச்சியைக் கூப்பிட்டு இரண்டு தடவை விளக்கினேன். "செரி மேடம்," என்றார்.

புள்ளிகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. செப்பரேட்டரின் அடியில் ஒரு திருகு உண்டு. சேர்ந்த தண்ணீரை அதன் வழியாகத் திறந்து விடலாம். ஒரு பெரிய செம்பில் பிடித்து ஆறவைத்தேன். பழுப்பாக, லேசாகக் கொழகொழவென்று இருந்தது. முகர்ந்தேன். எண்ணெய் வாடை. அதோடு எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாடையும். ஒரு பாட்டிலில் ஊற்றி மூடிக் குலுக்கினேன். பாட்டில் முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை.

சோப்பு.

பாய்லருக்குள் சோப்பு எப்படிப் போனது என்று யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சீசன் தொடங்கின வாரம், துணி அலசின கடைசித் தண்ணீர் சூடாகச் சாக்கடைக்குப் போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பார்க்கப் பளிங்கு மாதிரிதான் இருந்தது. சுடுதண்ணீரைப் பாய்லருக்குக் கொடுத்தால் விறகு மிச்சமாகுமே என்று, அந்தக் குழாயைப் பாய்லர் தொட்டிக்குத் திருப்பி விடச் சொன்னேன். "வேண்டாம் தங்கச்சி, பாய்லருக்கு நல்ல தண்ணிதான் குடுக்கணும்," என்று அண்ணாச்சி சொன்னதையும் நான் காதில் வாங்கவில்லை. ஆவி மட்டும் வெளியே போகிறது, சோப்பும் எண்ணெயும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ரசத்தைச் சுண்ட விட்டால் உப்புக் கரிப்பதைப் போல நாளுக்கு நாள் ஏறியிருக்கிறது.

அப்படியும் எனக்குள் இருந்த பி.எஸ்ஸி. விடவில்லை. அலசின தண்ணீர் ஒரு வாளி வீட்டுக்குக் கொண்டுபோய், கால்வாசியாகச் சுண்டக் காய்ச்சினேன். முதலில் குக்கரில் வெறும் தண்ணீரை வைத்து, விசில் வரும்போது இடுக்கியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தேன். ஈரமானது, அவ்வளவுதான். பிறகு குக்கரைக் கழுவி, சுண்டின தண்ணீரை வைத்தேன். விசில் சத்தமே மாறிவிட்டது. கரகரவென்று நுரை பொங்கி விசில் வழியாகவே வழிந்தது. கைக்குட்டையில் மங்கலாகப் புள்ளிகள் விழுந்திருந்தன. பருப்பு நுரைத்து விசில் வழியாக டைல்ஸில் தெறிப்பதை எத்தனை வருஷமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பருப்பு வைத்தால் துப்பும், வெறும் தண்ணீர் வைத்தால் துப்பாது. இது தெரிந்தவளுக்குத்தான் ஆவி சுத்தம் என்று அப்படி ஒரு திமிர். நான்கு நாள் சாம்பாரில் சோப்பு மணக்கிறது என்று வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

குழாயைப் பழையபடி சாக்கடைக்குத் திருப்பி, பாய்லரை முழுக்கக் காலி செய்து, நல்ல தண்ணீர் நிரப்பினோம். கண்ணாடியில் மட்டம் கோடு போட்டு நின்றது. விரிப்பில் ஒரு புள்ளி இல்லை. அன்றைக்கே செங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் வீடு. என்னைப் பார்த்ததும் முகம் இறுகினாலும், நாற்காலியை எடுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கண்ணாடியில் மட்டம் ஆடியதை, செப்பரேட்டருக்குள் வளைவு இருப்பதை, பாட்டிலில் நுரை வந்ததை, குக்கரை, கைக்குட்டையை. பாய்லர் தண்ணீரில் சோப்பு கலந்திருந்தது, அதனால் நுரைத்திருக்கிறது, நுரைத்ததால் ஆவியோடு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகமாகிவிட்டது.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "சோப்புத் தண்ணிய யாரு விடச் சொன்னது?" என்றாள்.

அவ்வளவு நேரம் பேசியதில் அது மட்டும் இல்லை. எனக்குக் காது சுட்டது.

"நான்தான்," என்றேன். "ஒன் மேல தப்பே இல்ல. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிரு."

"எல்லார் முன்னாலயும் சொன்னீய. இதயும் எல்லார் முன்னாலயும் சொல்லுவீயளா?"

"சொல்லுதேன். நாளைக்கே வா."

மறுநாள் காலை வேலை தொடங்குகிற நேரத்துக்குச் சரியாக வந்துவிட்டாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். நான்கு பெண்களையும் அண்ணாச்சியையும் கூப்பிட்டு நிறுத்தினேன். செப்பரேட்டர், நுரை எதையும் பேசவில்லை. "கறை இவ கையிலேர்ந்து வரல. நான் விடச் சொன்ன தண்ணியிலேர்ந்து வந்துது. இவ அன்னைக்கே சொன்னா, நான் கேக்கல. எல்லாத் தப்பும் என்னுது," என்றேன்.   தேய்ப்பு மேசையைக் காலையிலேயே அவளுக்காக ஒதுக்கி, புதுத் துணி விரித்து வைத்திருந்தேன். அவள் அங்கே போவாள் என்று பார்த்தேன்.

அவள் தன் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினாள். "குற்றாலத்து லாண்டரிக்கா. இவங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

சீசனில் ஒவ்வொரு லாட்ஜுக்காகவும் நானும் அந்த லாண்டரிக்கார அம்மாளும் போட்டி போடுகிறவர்கள். அவரிடம் போய் என் முட்டாள்தனத்தை நானே சொன்னேன். கறை என் பாய்லரிலிருந்து வந்தது, என் புத்தியால் வந்தது, இந்தப் பிள்ளையைப் போலத் தேய்க்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது என்றேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "போன அவகிட்ட குடுங்க," என்றார்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். "சொன்னாவ அல்லே? அப்போ நான் இன்னைக்கே வந்திரட்டுமாக்கா?"

அவள் திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் நான் அத்தனையும் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.  இரு என்று கேட்க வாய் வரவில்லை. அவள் என்னிடமும் மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டு, ரோட்டைக் கடந்து, குற்றாலம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

அண்ணாச்சி ஆவியைத் திறந்து விட்டார். நான் போய் முதல் விரிப்பை மேசையில் போட்டேன்.