பெற்றுக்கொண்டவர்: மாரி

குன்றத்தூர் செல்வமேரி ராணுவக் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தபோது ஓய்வூதியப் பிரிவில் பதினாறு பேர். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போட மாட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, "காலியாகவே கிடக்கும் இடம் எதற்கு?" என்று மேலிடத்துக் கடிதம் வந்து இடமே ஒழியும். சோறே போடாமல் இருந்துவிட்டு, இவன் சாப்பிடுவதில்லை என்று இலையை எடுக்கிற மரியாதை. கடைசியில் செல்வமேரி மட்டும் மிச்சம். வருகைப் பதிவேட்டில் அவளுக்குக் கீழே பல்லிகள் கையெழுத்துப் போட்டன. பல்லி என் கைச்சரக்கு. மீதியெல்லாம் மேலிடம் செய்ததுதான்.

அவளுக்கும் ஓய்வு நாள் வந்தது. மகள் ஷாலின் தலைப்பிரசவத்துக்கு வந்து, நாள் நெருங்கி, வீட்டில் தனியாக இருந்தாள். தலைமை அலுவலகத்து அதிகாரி நயினார் போனில் பிடித்துக்கொண்டார்.

"பொறுப்பு ஒப்படைக்கிற தாள்ல ரெண்டு கையெழுத்து வேணும் மேடம். ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர். அது வராம உங்க பென்ஷன் காகிதம் நகராது."

"பெத்துக்க இங்க யாரு சார் இருக்கா? பெத்துக்கப் போறவ என் வீட்ல தனியா உக்காந்திருக்கா!"

"ஆள் வர்ற வரைக்கும் வந்துட்டுப் போங்க."

"எப்ப சார் வருவாங்க?"

"போஸ்ட்டையே எடுத்தாச்சே, எப்படி வருவாங்க?"

சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை. ஓய்வு பெற்றவள் சம்பளமில்லாமல் பதினொரு நாள் போய் வந்தாள். பன்னிரண்டாம் நாள் ஷாலின் போன் செய்தாள்: "அம்மா, வலிக்குதும்மா."

செல்வமேரி தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே ஏஜென்சி அனுப்பிய வாட்ச்மேன் மாரி.

"மாரி, இதுல ஒரு கையெழுத்து போடு."

"இன்னா மேடம், கூரியரா?"

"கூரியர்தான். போடுய்யா, ஆட்டோ நிக்குது."

பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் மாரி அழகாகப் போட்டான். தலைமை அலுவலகத்தில் தாள் அப்படியே பாஸாகிவிட்டது. அதைச் சரிபார்க்கும் நாற்காலியையும்தான் ஒழித்துவிட்டார்களே!

அடுத்த மாதம் கடிதம் வந்தது: திரு. மாரி, பொறுப்பாளர், ஓய்வூதியப் பிரிவு. மாரி செல்வமேரிக்குப் போன் போட்டான்.

"மேடம், பிள்ளைப்பாக்கத்துலேந்து ஞானம்மான்னு ஒரு அம்மா வந்துகீது. வூட்டுக்காரரு மிலிட்டரியாம், தவறிட்டாராம். நான் இன்னா சொல்றது?"

பேத்தியைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த செல்வமேரி போனைத் தோளில் இடுக்கினாள். "அழ வுடாத. உக்கார வை. மூணாவது பீரோ, நீல ஃபைலு..."

ஆட்குறைப்பு முழு வெற்றி என்று அறிக்கை போயிருக்கிறதாம். த்தூ!