டிரைவர் பக்கத்து நீலம்

இன்று முழுவதும் ரப்பர் எஸ்டேட் பட்டறையில் வெள்ளைக்காரத் துரையின் காருக்கு மெருகு போட்டேன்.

போன மாதம் ரந்தாவ் சாலையில் கம்யூனிஸ்டுகள் அதை மறித்துச் சுட்டுத் தீ வைத்தார்கள். துரை அதில் இல்லை. டிரைவர் முனியாண்டி மட்டும் இருந்தான். காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட இந்த எமர்ஜென்சியில் எங்கள் தொழிலாளர் லயத்தில் விழுந்த முதல் சாவு அவனுடையது.

டிரைவர் பக்கக் கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்தாயிற்று. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் எவர்சில்வர் பட்டை மட்டும் சூட்டில் மஞ்சளும் நீலமுமாக மாறியிருந்தது. தண்ணீர் தொட்டு, நைசான உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முனியாண்டியின் மனைவி அஞ்சலை வந்து நின்றாள்.

“ஏண்ணே இது இப்படி நீலமா இருக்கு?”

“சூடு பட்டா அப்படித்தாம்மா ஆகும்.”

“ரொம்ப சூடா?”

நீலம் ஏற எவ்வளவு நேரம் எரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

“கொஞ்ச சூட்டுக்கே இப்படி ஆயிரும்” என்றேன்.

“குண்டு பட்டதுமே உசுரு போயிருச்சுன்னு போலீஸ்காரங்க சொன்னாங்க. நெசந்தானே?”

“நெசந்தாம்மா.”

பட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்பிப் போனாள். நான் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, நீலம் போகும்வரை தேய்த்தேன்.

சாயங்காலம் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்து பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

“புதுசாட்டம் இருக்குலா. ஒன்னும் நடக்காத மாதிரியே இருக்கு. துரை நாளைக்கே புது டிரைவர் வேணுங்கிறாரு.”

உங்களில் யாருக்காவது லைசென்ஸ் இருந்தால் சொல்லுங்கள். கார் பளபளவென்று தயாராக நிற்கிறது.