கடைசியில் நிற்பவள்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை கிடக்கிறது. ஊறுகாய் எண்ணெய் பட்டு அதன் ஒரு மூலை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மேலே மூன்று சொற்களை எழுதி அடித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியவைதான், தமிழில் சொன்னால் நல்லவள், தைரியசாலி, அறிவாளி. கீழே ஒரே ஒரு வரி அடிபடாமல் இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து விமான் நகர் மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், சனிக்கிழமை மதியங்களில் என்னை விளையாட இழுத்துப்போனவர், மென்பொருளில் பிழை தேடும் எங்கள் டெஸ்டிங் அக்கா. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அப்பா கட்கியில் தொழிற்சாலை வேலை பார்த்ததால் பிறந்ததிலிருந்தே புனேக்காரர். அவர் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கலந்திருக்கும். விளையாட்டு என்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவது. அக்கா கதை சொல்வார், இக்கட்டு வந்தால் பகடை உருட்டுவோம். அவரவர் பாத்திரத்தின் குணத்தை முதலில் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். என் அட்டையைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“நல்லவ. மத்லப்? அப்டின்னா என்னா? கதவு பூட்டியிருக்கு, பின்னாடி நெருப்பு வருது. இப்ப உன் நல்லவ என்னா பண்ணுவா?”

“அது நெலமையப் பொறுத்துங்க அக்கா.”

“அரே, அப்ப இத எழுதி என்ன ஃபாய்தா?”

அலுவலகத்திலும் அவர் அப்படித்தான். ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்று யாராவது எழுதினால் ஏற்கமாட்டார். எதை அழுத்தினாய், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று பிடுங்கி எடுப்பார். மனித குணத்தையும் அதே கணக்கில் எழுதச் சொன்னது எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அதுவே பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் ஒரு வரியில் எழுதிப் பார்த்தேன். எங்கள் அம்மா: கோபம் வந்தால் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அலுவலகக் காவலாளி: நன்றாகத் தெரிந்தவர்களிடம் மட்டும் அடையாள அட்டை கேட்பார். என் பாத்திரத்துக்குத்தான் ஒன்றும் தேறவில்லை. கடைசியில், ‘எல்லோரும் வெளியேறும்வரை கடைசியில் நிற்பாள்’ என்று எழுதினேன். “ஹான், இது சரி,” என்றார் அக்கா.

ஒரு வருடம் போல அந்தப் பெண்ணாகப் பேசித் திரிந்தேன். அதற்குள் அக்காவுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை கதையை முடித்தாக வேண்டும். சுரங்கம் இடிகிறது. மற்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். என் பெண் வாசலில் நிற்கிறாள். உள்ளே கால் ஒடிந்த கழுதைக்காரன் ஒருவன் கிடக்கிறான். ஓரடி வெளியே எடுத்து வைத்தால் அவள் பிழைப்பாள். அவள் சாகக்கூடாது என்று எனக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது. அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை.

“போயிடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அட்டையைப் பார்த்தேன். “நிக்கறாளுங்க அக்கா,” என்றேன். பகடை உருண்டது. கழுதைக்காரன் பிழைத்தான், அவள் பிழைக்கவில்லை. இல்லாத ஒருத்திக்காக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பகடைகளைப் பையில் அள்ளிக்கொண்டே அக்கா கேட்டார்: “அந்த லைன் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“உங்களப் பாத்துத்தானுங்க அக்கா. வேலை அதிகமா இருக்கற நாள்ல, கடைசி ஆள் லேப்டாப்ப மூடற வரைக்கும் லிஃப்ட்கிட்டயே நிப்பீங்கல்ல.”

அள்ளிய கை நின்றது. “நானா?” என்றார். அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஊரார் குணத்தையெல்லாம் துருவித் துருவிக் கேட்டவருக்குத் தன்னுடையது தெரிந்திருக்கவில்லை.

இப்போது கதை சொல்வது நான். அக்கா கனடாவிலிருந்து வீடியோவில் வந்து ஆடுகிறார். போன சனிக்கிழமை புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ‘நல்லவள்’ என்று எழுதிக் கொடுத்தாள். கதவு பூட்டியிருக்கிறது, நெருப்பு வருகிறது என்று நான் ஆரம்பித்ததும் அக்கா அங்கே சிரிப்பது கேட்டது. ஆட்டம் முடிந்து ஒவ்வொருவராகப் போனார்கள். அவளுக்குக் காட்ட எடுத்த பழைய அட்டை இன்னும் என் கையில் இருந்தது. திரையில் அக்காவும் இந்தப் பக்கம் நானும் மட்டும் மிஞ்சியிருந்தோம்.

“நீ மொதல்ல ஃபோன வை,” என்றார்.

“நீங்க வைங்க அக்கா,” என்றேன்.

இரண்டு பேரும் வைக்கவில்லை.